பத்து மீட்டர் தள்ளி நின்று



வயது வந்த ஒருவர் விளக்குக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, இடுக்கியில் ஒரு பொடி ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தால், வீட்டில் உள்ளவர்கள் பார்க்கிற பார்வையே தனி. "இந்த வயசுல இது தேவையா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் இன்று பதில் சொல்லப் போவதில்லை. சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை. சின்ன அளவில் காரும் லாரியும் கட்டுகிற இந்தக் கலையில் உண்மையில் எது கடினம் என்பதை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தச் சின்னக் கார்கள் முதலில் பொம்மைக் கடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கார் விற்கிற ஷோரூமுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் 1947-இல் ஜோ-ஹான், 1948-இல் ஏஎம்டி என்று இரண்டு கம்பெனிகள் அடுத்தடுத்து முளைத்தன. ஏஎம்டி என்பது 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கம். பெயரில்தான் அலுமினியம், வெகு சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். கார் கம்பெனி புது மாடலைச் சந்தைக்கு விடும்போது, அதே காரை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில், கம்பெனியின் அசல் நிறத்திலேயே செய்து டீலர்களுக்குக் கொடுப்பது இவர்கள் வேலை. 'புரோமோ' என்று அதற்குப் பெயர். என்னென்ன நிறத்தில் வண்டி வரும் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட அது உதவியது. அப்பா விலை பேசிக்கொண்டிருக்கும்போது பையன் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், மீதிப் பேரத்தைப் பையன் பார்த்துக்கொள்வான்.

இங்கிலாந்திலும் கதை கிட்டத்தட்ட இதுதான். பிளாஸ்டிக் மாடல் என்றாலே பலருக்கு நினைவு வரும் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் சின்ன உருவம் ஒன்றைச் செய்தது. டிராக்டர் விற்கப் போகும் ஆட்கள் பையில் போட்டு எடுத்துப் போகட்டும் என்று ஃபெர்குசன் கம்பெனி கேட்டு வாங்கியது அது. விவசாயியிடம் வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள்.

அந்தக் கால புரோமோக்களில் ஒரு கோளாறு உண்டு. அப்போது பயன்படுத்திய செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக் வருடம் ஆக ஆகச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். ஐம்பதுகளின் புரோமோ ஒன்றை இன்று கையில் எடுத்தால், கூரை தொய்ந்து, பம்பர் ஒரு பக்கம் தூக்கி, விபத்தில் மாட்டிய வண்டி போலவே இருக்கும். பிறகுதான் பாலிஸ்டைரீன் வந்து நிலைத்தது. இன்றைக்கும் நாமே பாகங்களை ஒட்டிக் கட்டுகிற 'கிட்' என்றால் பாலிஸ்டைரீன்தான்.

1958-இல் ஏஎம்டி செய்த காரியம்தான் இந்தப் பொழுதுபோக்குக்குத் திருப்புமுனை. ஒட்டி முடித்த காரைக் கொடுப்பதற்குப் பதிலாக, அதே அச்சில் வார்த்த பாகங்களைப் பிரித்துப் பெட்டியில் போட்டு விற்றார்கள். ஒரே பெட்டியில் மூன்று கார்: ஷோரூமில் நிற்பது போலக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம், அல்லது அந்தக் காலத்து இளவட்டங்கள் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொண்டார்களே, அப்படி உருமாற்றியும் கட்டலாம். ஓட்டுநர் உரிமம் வாங்க வயது வராத பையன்களுக்கு ஒரு கார் சொந்தமானது. வருடா வருடம் புதுக் கார் வரும்போது புது கிட்டும் வந்தது. இதில் ஒரு சோகமும் உண்டு. அடுத்த வருட மாடலுக்காகப் பழைய எஃகு அச்சையே வெட்டித் திருத்திவிடுவார்கள். அச்சு செய்வது அவ்வளவு செலவு பிடித்த காரியம். அதனால் அறுபதுகளின் சில கிட்டுகளை இனி யார் நினைத்தாலும் மறுபடி வார்க்க முடியாது.

பிழைத்த அச்சுகளோ கம்பெனி விட்டுக் கம்பெனி கைமாறின. ஏஎம்டியை 1978-இல் மேட்ச்பாக்ஸ் கார் செய்த லெஸ்னி வாங்கியது, 1983-இல் எர்ட்ல் வாங்கியது, இன்று ரவுண்ட் 2 என்ற கம்பெனியிடம் இருக்கிறது. முதலாளிகள் போனார்கள், அச்சு இருக்கிறது, அதிலிருந்து கார் வந்துகொண்டே இருக்கிறது.

இதைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜெனரல் மோட்டார்ஸ் 1930 முதல் 1968 வரை, நடுவே போர்க்கால இடைவெளி விட்டு, பதின்பருவப் பையன்களுக்கு மாடல் செய்யும் போட்டி நடத்தியது. ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு என்று பெயர். முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியைச் செய்யச் சொன்னார்கள். பிறகு, சொந்தக் கற்பனையில் ஒரு காரை வடிவமைத்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து அனுப்பச் சொன்னார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. 1947-இல் அப்படிப் பரிசு வாங்கிய சார்லஸ் ஜோர்டன் என்ற பையன் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புத் துறையின் தலைவரானார். கம்பெனிக்குத் தெரிந்துதான் இருந்தது: மரத்தையும் களிமண்ணையும் செதுக்கி ஒரு பரப்பை வழவழவென்று வளைக்கத் தெரிந்த பையனுக்கு, தகடு எங்கே ஒளியை வாங்கும், எங்கே விடும் என்பது கைக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு காரை இருபத்தைந்தால் வகுத்துச் சின்னதாக்குவது வெறும் கணக்கு. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் பதினெட்டு சென்டிமீட்டர் ஆகும். இதைக் கணக்குப் புத்தகம் செய்துவிடும். ஆனால் வகுத்தால் குறையாத சமாச்சாரங்கள் நிறைய இருக்கின்றன. வெளிச்சம் குறையாது. தூசி குறையாது. பெயிண்டின் தடிமன் நாம் சொன்னபடி குறையாது. மாடல் கட்டுகிறவனின் முழு சாமர்த்தியமும் இந்தக் குறையாத பொருள்களோடு செய்துகொள்கிற சமாதானத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். தொழிற்சாலையில் அடித்த காரின் பெயிண்ட், ப்ரைமர் முதல் கிளியர் வரை எல்லாப் பூச்சும் சேர்த்து, ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமன். இருபத்தைந்தால் வகுத்தால் 4 மைக்ரான். எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் ஸ்பிரே துப்பாக்கியில் நாலு மைக்ரானில் ப்ரைமர், நிறம், கிளியர் மூன்றும் அடிக்க முடியாது. ரொம்பக் கவனமாக அடித்தால் ஐம்பது மைக்ரான் வரும். அதை அசல் காருக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெயிண்ட் பூசிய கார்!

இதன் விளைவு உடனே கண்ணில் படும். அசல் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி நாலு மில்லிமீட்டர் என்றால், மாடலில் அது 0.16 மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவரிலும் ஐம்பது ஐம்பது மைக்ரான் பெயிண்ட் ஏறினால் மிச்சம் என்ன இருக்கும்? கதவு திறக்கும் இடமே தெரியாத அளவுக்கு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே, பிளேடின் முதுகால் அந்தக் கோட்டை இழுத்து இழுத்து ஆழமாக்கிக்கொள்வார்கள். வெர்னியர் வைத்து அளந்தால் அது தப்பான அளவு. கண்ணுக்கு அதுதான் சரியான அளவு.

தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார் பாடியின் எஃகுத் தகடு 0.8 மில்லிமீட்டர். மாடலின் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது, குறைந்தால் அச்சில் வார்ப்பது கஷ்டம். ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்தால் பெருக்கினால் இரண்டரை சென்டிமீட்டர் தகடு. பீரங்கி வண்டிக்குப் போடுகிற கவசம் அது! அதனால்தான் கிட்டிலிருந்து அப்படியே ஒட்டிய லாரியின் மட்கார்டு ஏதோ பலகையில் செய்தது போல் தெரிகிறது. என்ன செய்கிறார்கள் என்றால், கண்ணில் படுகிற விளிம்பை மட்டும் உட்பக்கமாகச் சீவிவிடுகிறார்கள். விளிம்பு மெலிந்தால் போதும், முழுத் தகடும் மெல்லியது என்று கண் நம்பிவிடும்.

எடை விஷயத்தில் வேடிக்கை தலைகீழ். எடை, நீளத்தைப் போல் ஒரு தடவை வகுபடாது. மூன்று தடவை வகுபடும். இருபத்தைந்தை மூன்று முறை பெருக்கினால் 15,625. ஒன்றரை டன் காரை அதால் வகுத்தால் வருவது தொண்ணூற்றாறு கிராம். பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கட்டி முடித்தால் ஏறத்தாழ அந்த எடைதான் வருகிறது. தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல். கண்ணாடிப் பேழையில் வைத்து விற்கும் உலோக வார்ப்புக் கார்களைக் கையில் எடுத்து, "அடேயப்பா, என்ன கனம், அசல் மாதிரியே இருக்கு" என்போம். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில் அரைக் கிலோ கனக்கும் உலோகக் காரை அசலுக்குப் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஏழு டன். எந்தப் பாலத்திலும் யோசித்துத்தான் ஏற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு பொதுவிதி வைத்துக்கொள்ள முடியுமா? நான் வைத்திருக்கிற விதி ஒன்றுதான். மேசையில் இருக்கிற மாடலை நாம் ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறோம். நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் பத்து மீட்டர். ஆக, தெருவின் எதிர்ப்புறம் நிற்கும் காரைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும்? பெயிண்டில் கலந்த மினுமினுப்புத் துகள் தனித்தனியாகத் தெரியாது, ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். டயரின் பட்டன்கள் தெரியும், அதில் எழுதியிருக்கும் அளவு தெரியாது. கறுப்பு டயர் கறுப்பாகத் தெரியாது, அடர்ந்த சாம்பலாகத் தெரியும். பத்து மீட்டரில் தெரியாததை மாடலில் செய்து வைத்தால், அது எவ்வளவு உழைப்பாக இருந்தாலும், பார்க்கிறவர் மனசில் "பொம்மை" என்ற மணி அடித்துவிடும்.

இதற்கு ஒரு எடுத்துக்காட்டு. காருக்குக் கீறல் விழுந்தால் பூசிக்கொள்ள, அதே நிறத்தில் சின்ன பாட்டிலில் பெயிண்ட் விற்கிறார்களே, அதை வாங்கி மாடலுக்கு அடித்தால் கச்சிதமாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றும். ஒரே நிறம், ஒரே கம்பெனி, இதைவிடச் சரியானது வேறு என்ன? அடித்துப் பார்த்தால் திருவிழாக் கடை ஜிகினா மாதிரி இருக்கும். அதில் இருக்கும் அலுமினியத் துகள் நாற்பது மைக்ரான் என்றால், மாடலில் அது ஒரு மில்லிமீட்டர்த் துகளுக்குச் சமம். அசல் பொருளே இங்கே பொய் சொல்கிறது. நுணுக்கி அரைத்த துகள் போட்ட வேறு பெயிண்ட், நிறத்தில் சற்று விலகியிருந்தாலும், உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிறத்தைக் கொஞ்சம் வெளிற வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு; தூரத்தில் உள்ள பொருள் வெளிறித் தெரியும் என்பது அவர்கள் வாதம். விமானம் கட்டுகிறவர்கள் இதை வேதமாகப் பிடித்திருக்கிறார்கள். பத்து மீட்டருக்கு அவ்வளவு வெளிறல் எதற்கு என்பது என் கட்சி.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெட்டியைத் திறந்ததும் பாடியை வெளிச்சத்தில் திருப்பினால், மட்கார்டின் மேலேயும் கூரைத் தூண்களிலும் முடி போல ஒரு மெல்லிய கோடு ஓடும். அச்சு பல துண்டாக வந்து கூடும் இடம் அது. பெயிண்ட் அடித்தால் மறையும் என்று விட்டால், பெயிண்ட் அதைத் தூக்கிக் காட்டும். பிளேடைச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்ட வேண்டும், பிறகு உப்புத்தாளை 400, 800, 1500 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் போக வேண்டும். பாகங்களைச் சேர்க்கிற பசை உண்மையில் பசையே இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைக்கிற கரைப்பான். இரண்டு பாகத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பின் ஓரத்தைத் தொட்டால் போதும், சந்துக்குள் தானே ஓடிப் பரவும். இரு பக்கமும் உருகி, ஆறும்போது ஒரே துண்டாகிவிடும். டிங்கரிங் பட்டறையில் வெல்டிங் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் நெருப்பு மட்டும்தான்.

அடுத்தது குரோமியப் பட்டை. ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் என்றால் ஜன்னலைச் சுற்றி, கதவின் குறுக்கே, எங்கு பார்த்தாலும் வெள்ளிக் கோடு. வெள்ளிப் பெயிண்டால் இழுத்தால் அது சாம்பல் கோடாகத்தான் தெரியும். உலோகத்தின் ஒளி வேண்டும் என்றால் உலோகத்தைத்தான் வைக்க வேண்டும். இதற்கென்றே பின்பக்கம் பசை தடவிய, மிக மிக மெல்லிய உலோகத் தாள் கிடைக்கிறது. ஒரு துண்டு வெட்டி, பட்டையின் மேல் தளரப் போட்டு, பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினால், அடியில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் தாளில் எழும்பும். பிறகு புது பிளேடை மேட்டின் ஓரத்தில் வைத்து, அழுத்தாமல், பிளேடின் கனத்திலேயே இழுத்து, மிச்சத்தை உரித்துவிட வேண்டும். 'புது' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, கிழிக்கும். ஒரு காருக்குச் சில மணி நேரம் இதற்கே போகும். கோடு முழுக்க ஒரே தடிமனில் வந்து, ஜன்னல் மூலையில் உடையாமல் திரும்பியிருந்தால், அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

இதுவரை கார். லாரி கட்டுகிறவர்கள் வேறு ஜாதி. கார்க்காரனுக்கு எல்லாம் பாடியின் பளபளப்பு. லாரிக்காரனுக்குப் பாடி இரண்டாம் பட்சம், சேசிஸ்தான் முதல். அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகளை 1970-ஐ ஒட்டி ஏஎம்டி கிட்டாகக் கொண்டுவந்தது. பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ-925 என்று நீளமூக்கு வண்டிகள். கென்வொர்த்துக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரே இருந்தது, 1974 முதல் 76 வரை 'மூவின் ஆன்' என்று ஓடியது. அந்தக் கிட்டைக் கட்டினவனுக்கு லாரி என்றால் என்ன என்று புரிந்துவிடும். ஏணி போன்ற சட்டம், அதன் அடியில் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், ஏர் பிரேக்குக்கான காற்றுத் தொட்டிகள், பின்னால் டிரெய்லரின் முளை வந்து மாட்டும் தட்டு, கேபினின் முதுகிலிருந்து டிரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்கள். எந்தக் குழாய் எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒட்ட முடியாது. பாலிடெக்னிக்கில் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் வரைந்து சொன்னாலும் ஏறாத விஷயம், இதில் ஏறிவிடுகிறது.

லாரியில் இன்னொன்று, அழுக்கு. கார் மாடல் ஷோரூமில் நிற்கலாம். லாரி மாடல் அப்படி நின்றால் சிரிப்பு வரும். ஆனால் அழுக்குக்கும் ஒரு நியாயம் வேண்டும். துரு எங்கே வரும்? தண்ணீர் தேங்கும் இடத்தில், பெயிண்ட் உரசிப் போகும் இடத்தில். டீசல் கறை தொட்டி மூடியின் கீழே வழியும், மேலே ஏறாது. செம்மண் சக்கரம் தெளிக்கும் திசையில் படியும். கேபின் படியில் கால் வைக்கும் இடம் தேய்ந்து உலோகம் தெரியும், கால் படாத மூலையில் மண் அண்டியிருக்கும். பழுப்புப் பொடியைக் கண்டபடி அப்பினால் அது பழைய லாரி ஆகாது, அழுக்கான பொம்மை ஆகும்.

ஜப்பானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஷிசுவோக்கா வட்டாரத்தில் டாமியா, ஹாசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி என்று உலகப் புகழ்பெற்ற மாடல் கம்பெனிகள் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. டாமியா 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய குடும்பம். 1976-இல் போர்ஷே 934-ஐப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கொண்டுவருவதற்காக, அசல் போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, கழற்றிப் பார்த்து அளந்தார்கள் என்பது அந்தத் தொழிலில் பிரசித்தமான கதை. டாங்க் மாடல்களில் எல்லாரும் பின்பற்றும் 1/35 என்ற அளவு எப்படி வந்தது தெரியுமா? டாமியா செய்த முதல் டாங்குக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலைச் செய்தார்கள். பிறகு கணக்கிட்டால் 1/35 வந்தது. உலகம் முழுக்கத் துல்லியம் துல்லியம் என்று பேசுகிறவர்கள் பேட்டரி வைத்த அளவைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்! ஆவோஷிமா கம்பெனி 'தெகோதோரா' என்ற அலங்கார லாரிகளைக் கிட்டாக விற்கிறது. எழுபதுகளில் 'தொராக்கு யாரோ' என்ற சினிமா வரிசையால் ஜப்பான் முழுக்கப் பரவிய மோகம் அது. விளக்கும் சித்திரமும் குரோமியமுமாக நிற்கும் அந்த வண்டிகளைப் பார்த்தால் நம் ஊர் லாரிக்காரர் யாரும் அந்நியமாக உணர மாட்டார்.

சில சமயம் மாடல்தான் மிஞ்சுகிறது. கிரைஸ்லர் கம்பெனி அறுபதுகளில் டர்பைன் எஞ்ஜினில் ஓடும் கார் செய்தது. பாடியை இத்தாலியின் டூரின் நகரில் கியா பட்டறை கையால் கட்டியது. மொத்தம் 55 கார்கள், கிட்டத்தட்ட எல்லாம் செம்பு கலந்த ஒரு பழுப்பு நிறம். விற்பனைக்கு அல்ல, 203 பேருக்கு மூன்று மூன்று மாதம் இலவசமாக ஓட்டக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். சோதனை முடிந்ததும் 46 கார்களை கம்பெனியே அழித்துவிட்டது. ஒன்பது பிழைத்தன. அந்தக் காரை ஜோ-ஹான் 1/25 அளவில் கிட்டாகச் செய்திருந்தது, டர்பைன் எஞ்ஜினோடு. அந்தக் கம்பெனி செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அசல் காரைப் பார்க்க வேண்டும் என்றால் அருங்காட்சியகம் தேடிப் போக வேண்டும். அதன் கீழே எஞ்ஜின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்க்க வேண்டும் என்றால் அலமாரியில் இருக்கிற ஜோ-ஹான் காரைத்தான் எடுக்க வேண்டும்.

குறையாத பொருள்களில் முதலாவதாக வெளிச்சத்தைச் சொன்னேன். அதோடு சமாதானம் செய்துகொண்டவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர். 2018-இல் காலமானார். எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரைப் படைத்து, அதன் தெருக்களைப் புகைப்படங்களாக எடுத்தார். படங்களில் ஐம்பதுகளின் கார்கள் வீட்டு வாசலில் நிற்கும், பனியில் புதைந்திருக்கும், பின்னால் மரங்களும் வானமும் தெரியும். பார்க்கிறவர்கள் பழைய படம் என்றே நம்பினார்கள். அவர் செய்தது இதுதான்: 1/24 அளவுள்ள கார்களையும், தானே அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் கட்டிய கட்டடங்களையும் ஒரு மேசை மேல் வைத்து, மேசையையே வெளியே உண்மையான தெருவுக்குக் கொண்டுபோனார். பின்னணியில் உள்ள அசல் மரமும் வீடும், முன்னணியில் உள்ள சின்னக் காரும் ஒரே அளவாகத் தெரியும்படி கேமராவைத் தாழ்த்தி, தூரத்தைச் சரிசெய்து எடுத்தார். சாதாரண கேமராதான். மாடலுக்காக வெளிச்சத்தைச் சின்னதாக்க முடியாது என்றால், மாடலைப் பெரிய வெளிச்சத்துக்கு எடுத்துப் போனால் என்ன என்று யோசித்திருக்கிறார். அறைக்குள் விளக்கு வைத்து எடுத்த மாடல் படம் எதுவும் இந்தப் படங்கள் முன் நிற்காது என்பது என் அபிப்பிராயம். பெயிண்டில் லட்ச ரூபாய் செலவழித்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

கடைசியாக நம் ஊர் வண்டிகள். தமிழ்நாட்டு லாரிக்கோ பஸ்ஸுக்கோ கடையில் கிட் கிடைப்பதில்லையே என்று இளைஞர்கள் என்னிடம் குறைப்படுகிறார்கள். சந்தை சின்னது என்பது ஒரு காரணம். இன்னொன்று, நம் வண்டிகள் கட்டப்படும் விதம். பீட்டர்பில்ட் ஒன்றை அளந்தால் அந்த மாடல் முழுவதையும் அளந்த மாதிரி. இங்கே கம்பெனி எத்தனையோ வண்டிகளை வெறும் சேசிஸாகத்தான் அனுப்பிவந்திருக்கிறது. பஸ் என்றால் கரூரில், லாரி என்றால் நாமக்கல்லில், பாடி கட்டுகிறவர் தன் கை அளவில் கட்டுகிறார். ஒரே பட்டறையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு லாரிகளின் நெற்றிப் பலகை ஒன்றாக இருக்காது. எந்த வரைபடத்தை வைத்து அச்சு வெட்டுவது?

ஆகவே நம் பிள்ளைகள் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டுகிறார்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் ஃபோம் ஷீட்டை வெட்டிப் பாடி, ஓஎச்பி தாளில் கண்ணாடி, பேனா ரீஃபிலில் குழாய், செம்புக் கம்பியில் கைப்பிடி. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அரசுப் பேருந்துகளை இப்படிக் கட்டுகிற பையன்கள் ஏராளம். சில பஸ்களில் படிக்கட்டின் தகர வரி முதல், நடத்துநர் இருக்கை வரை இருக்கும். பல பேர் எந்த அளவுவிகிதத்தையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவதில்லை. கிடைக்கிற சக்கரத்தின் விட்டத்திலிருந்து மற்ற எல்லா அளவையும் பிடிக்கிறார்கள். டாமியாவின் பேட்டரிக் கதையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் கிட்டை விலை உயர்ந்ததாக வாங்காதீர்கள், எஞ்ஜின் இல்லாத எளிய கார் போதும். மோட்டார் பெயிண்ட் கடையில் தின்னர் வாங்கிக் கலந்து நேரே பாலிஸ்டைரீன் மேல் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் வெந்துவிடும். முதலில் மாடலுக்கான ப்ரைமர் பூச வேண்டும். ஸ்பிரே அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்குக்கு முறையான முகமூடி போடுங்கள். துணி முகமூடி தூசிக்கு, தின்னர் வாசனைக்கு அது உதவாது. நாமக்கல் லாரி ஒன்றைக் கட்ட ஆசையிருந்தால் பட்டறைக்கு டேப்போடு போய்க் கேளுங்கள், பெரும்பாலும் அளக்க விடுவார்கள், டீயும் வாங்கிக் கொடுப்பார்கள். போட்டோவை மட்டும் பத்து மீட்டர் தள்ளி நின்று எடுங்கள்.

முன்னால் மேசையில் இரண்டு காரும் ஒரு லாரியும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கலாம். லாரியைச் சேசிஸைப் பிடித்துத் தூக்குங்கள், பக்கக் கண்ணாடியைப் பிடிக்காதீர்கள். கேள்விகள் இருந்தால் அங்கேயே கேளுங்கள்.